நட்சத்திரம் கேட்கும் நேரம்: கைபேசி விளையாட்டுகளை மதிப்பிட்ட வரலாறு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது தங்கை தன் கைபேசியை என்னிடம் நீட்டினாள். பையன் ஏதோ ஒரு விளையாட்டைப் பதிவிறக்கித் தரச் சொல்லி நச்சரிக்கிறான், போடலாமா என்று பார்த்துச் சொல் என்றாள். அவனுக்கு அப்போது 12 வயது. நான் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதே மிகை. பெயருக்குக் கீழே இருந்த எண்ணை மட்டும் பார்த்தேன். 4.6 நட்சத்திரம். பல லட்சம் பேர் வாக்களித்திருந்தார்கள். "தாராளமாப் போட்டுக் குடு" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வங்கிக் கணக்கைப் பார்த்தவள் தொலைபேசியில் அழைத்தாள். இருபத்தொன்பது ரூபாயாகவும் எண்பத்தொன்பது ரூபாயாகவும் சிறுகச் சிறுக ஒன்பதாயிரத்துக்கு மேல் போயிருந்தது. பையன் வைரக்கற்கள் வாங்கியிருக்கிறான். அம்மாவின் கைபேசிக்கு ரீசார்ஜ் செய்து கொடுப்பவன் அவன்தான் என்பதால் ரகசிய எண் அவனுக்குத் தெரியும். டியூஷனுக்குக் கட்ட வைத்திருந்த பணம் அது. தங்கை என்னைக் குறை சொல்லவில்லை. "நீ பார்த்துச் சொன்னியேன்னுதாண்ணா போட்டுக் குடுத்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் இலக்கியத் திறனாய்வுப் பாடம் நடத்துகிறவன் நான். பிறர் சொன்னதை வைத்து ஒரு நூலை எடைபோடாதே என்று ஆண்டுதோறும் புதிய மாணவர்களிடம் சொல்பவன். அன்றிரவு அந்த விளையாட்டை என் கைபேசியில் நிறுவி ஆடிப் பார்த்தேன். முதல் மூன்று ஆட்டங்களிலும் எனக்கு வெற்றி. திரையெங்கும் பொற்காசுகள் பொழிந்தன. அந்தப் பொழிவு ஓய்வதற்குள் ஒரு சிறு பெட்டி எழுந்து வந்து எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. விரல் தானாகவே ஐந்தாவது நட்சத்திரத்தின்மேல் போயிற்று. காசு கேட்கத் தொடங்கியது அதற்கு மறுநாள்தான்.

அந்த 4.6 எப்படி உருவானது என்று அப்போது விளங்கியது. அதன்பின் இந்த நட்சத்திரங்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் எனக்குத் தெளிவானதை இங்கே எழுதிவைக்கிறேன். ஒரு விளையாட்டுக்கு மக்கள் எத்தனை நட்சத்திரம் தருகிறார்கள் என்பது, அந்த விளையாட்டு எத்தகையது என்பதைவிட, அவர்களிடம் அந்தக் கேள்வி எப்போது கேட்கப்பட்டது என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

தேர்வு இல்லாத காலம்

கைபேசியில் விளையாட்டு புகுந்தது 1994இல். ஹாகெனுக் என்னும் நிறுவனத்தின் எம்டி-2000 என்ற கருவியில் டெட்ரிஸ் விளையாட்டின் ஒரு வடிவம் இருந்தது. ஆனால் உலகம் அறிந்த முதல் கைபேசி விளையாட்டு என்றால் அது பாம்புதான். 1997இல் வெளிவந்த நோக்கியா 6110இல், அந்நிறுவனத்தின் பொறியாளரான தனேலி அர்மந்தோ அதை எழுதிச் சேர்த்தார். கருத்து புதிதன்று. 1976இல் கிரெம்லின் நிறுவனம் வெளியிட்ட பிளாக்கேடு என்ற கடைவீதி விளையாட்டிலிருந்து தொடங்கும் மரபு அது. கைக்குள் அடங்கும் சிறு திரையில், எண் விசைகளைக் கொண்டு ஆட முடிந்தது என்பதே புதுமை.

நம்மில் பலருக்கு அந்தப் பாம்பு அறிமுகமானது நோக்கியா 3310 வழியாகவோ, 2003இல் வந்த டார்ச் விளக்கு வைத்த 1100 வழியாகவோ இருக்கும். கல்லூரிப் பேருந்தில் பின்னிருக்கைக்காரர்கள் தங்கள் எண்ணிக்கையைக் காட்டிக்கொள்வார்கள். அந்த விளையாட்டு நன்றா தீதா என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குப் பொருளும் இல்லை. கருவியோடு வந்தது, வேறு இல்லை. மதிப்பீடு என்பது தேர்வு உள்ள இடத்தில்தான் பிறக்கிறது.

தேர்வு வந்தது ஜாவா விளையாட்டுகளோடு. 2000களின் முற்பகுதியில் செல்பேசிச் சேவை நிறுவனங்கள் தங்கள் பக்கத்தில் விளையாட்டுகளைப் பட்டியலிட்டு விற்றன. வாங்குபவர் கண்டதெல்லாம் ஒரு பெயரும் ஒரு விலையும்தான். படம்கூடச் சரியாகத் தெரியாது. எனவே தெரிந்த பெயர் எதுவோ அது விற்றது. திரைப்படத்தின் பெயர், விளையாட்டு வீரரின் பெயர், பழைய கணினி விளையாட்டின் பெயர். பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள் இருப்பது எது என்பதைச் சேவை நிறுவனம் முடிவு செய்தது. கீழே இறங்கிப் பார்க்க ஒவ்வொரு பக்கத்துக்கும் கட்டணம் ஆகும் என்பதால் யாரும் கீழே இறங்கவில்லை. பரிந்துரை என்ற பெயர் இல்லாமலே நடந்த பரிந்துரை அது. கடைக்காரர் கண்ணெதிரே எதை அடுக்கிவைத்தாரோ அதுவே நல்ல சரக்கு.

நட்சத்திரத்தின் முன்கதை

கைபேசிக்கு வருமுன் நட்சத்திரம் வேறு இடங்களில் பொறுப்போடு வேலை பார்த்திருக்கிறது. பிரான்சின் மிஷலின் டயர் நிறுவனம் 1900இல் வாகனமோட்டிகளுக்காக ஒரு கையேட்டை வெளியிடத் தொடங்கியது. 1926இல் சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் இட்டது. 1931இல் அது ஒன்று, இரண்டு, மூன்று என்று விரிந்தது. 1936இல் அவற்றுக்குப் பொருளும் வரையறுக்கப்பட்டது. ஒரு நட்சத்திரம் என்றால் அவ்வகையில் நல்ல உணவகம். இரண்டு என்றால் வழியிலிருந்து சற்று விலகிப் போய்ச் சாப்பிடலாம். மூன்று என்றால் அதற்காகவே ஒரு பயணம் போகலாம்.

இந்த வரையறையை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்த நட்சத்திரம் உணவைப் பற்றி மட்டும் பேசவில்லை. படிப்பவர் எவ்வளவு தூரம் போகலாம் என்று அவரைப் பார்த்துப் பேசியது. இட்டவர் தன்னை வெளிக்காட்டிக்கொள்ளாமல் போய்ச் சாப்பிட்டுப் பார்த்த சோதனையாளர். தவறினால் நிறுவனத்தின் பெயர் கெடும்.

நம்மிடமும் இதற்கு இணையான ஒன்று இருந்தது. ஆனந்த விகடன் திரைப்படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டது. அந்த எண்ணுக்காக வாரம் முழுதும் காத்திருந்தவர்கள் உண்டு. எண்ணோடு விமர்சனமும் வந்தது என்பதையும், எண் தவறென்று தோன்றினால் சண்டையிட ஒரு முகவரி இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அழிக்கும்போது கேட்ட கேள்வி

2008 ஜூலை 10 அன்று ஆப்பிள் நிறுவனத்தின் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் இருந்தவை 500 செயலிகள். ஒவ்வொன்றின் கீழும் ஐந்து நட்சத்திரங்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டு மார்க்கெட் வந்தது; 2012இல் அது கூகுள் பிளே ஆயிற்று. மதிப்பீட்டின் அதிகாரம் சேவை நிறுவனத்தின் கையிலிருந்து ஆடுபவர் கைக்கு மாறிவிட்டது என்று அன்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

முதல் சில வாரங்களில் ஆப் ஸ்டோரில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு செயலியை வாங்காதவரும் அதைப் பற்றிக் கருத்து எழுதலாம், நட்சத்திரம் இடலாம் என்ற நிலை. விலை அதிகம் என்று கோபப்பட்டவர்கள் ஆடாமலே ஒற்றை நட்சத்திரம் இட்டார்கள். சில வாரங்களிலேயே அந்த வழி அடைக்கப்பட்டு, பதிவிறக்கியவர் மட்டுமே மதிப்பிடலாம் என்றாயிற்று.

அடுத்து வந்ததுதான் இந்த வரலாற்றின் மிகச் சுவையான பகுதி. 2008 நவம்பரில் வந்த ஐஃபோனின் 2.2 மென்பொருளில் ஒரு புதிய ஏற்பாடு இருந்தது. பயனர் ஒரு செயலியைக் கைபேசியிலிருந்து அழிக்கப் போகும்போது, அழிப்பதற்கு முன் அதற்கு எத்தனை நட்சத்திரம் என்று கருவி கேட்டது. கேட்டவர்களின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கும். நிறையப் பேரிடம் கருத்துப் பெறவேண்டும், அழிக்கும் நேரம் அதற்கு வாய்ப்பான நேரம் என்று எண்ணியிருப்பார்கள். ஆனால் ஒரு பொருளை யார் தூக்கி எறிவார்? அது பிடிக்காதவர். பிடித்தவர் வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. வீட்டைக் காலிசெய்து மூட்டை முடிச்சோடு வெளியேறுபவரிடம் மட்டும் அந்த வீட்டைப் பற்றிக் கேட்டதைப் போன்றது இது. செயலிகளின் சராசரி மதிப்பு சரிந்தது. விளையாட்டை ஆக்கியவர்கள் முறையிட்டார்கள். 2010இல் ஐஓஎஸ் 4 வந்தபோது அந்தக் கேள்வி நீக்கப்பட்டது.

அதே விளையாட்டுகள், அதே மனிதர்கள், அதே ஐந்து நட்சத்திரங்கள். கேட்ட நேரம் மாறியதும் விடை மாறிற்று. இதை ஆப்பிள் அறிந்துகொண்டதோ இல்லையோ, விளையாட்டை ஆக்கியவர்கள் மிக நன்றாக அறிந்துகொண்டார்கள்.

வென்றபின் கேட்ட கேள்வி

2009 ஜூனில் ஐஃபோன் செயலிகளுக்குள் பொருள் வாங்கும் வசதி வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அது இலவசச் செயலிகளுக்கும் விரிந்தது. இந்தச் சிறு மாற்றம் கைபேசி விளையாட்டின் இயல்பையே மாற்றிற்று. அதுவரை ஒரு விளையாட்டுக்கு ஒரு விலை. 99 சென்ட் வரை இறங்கிவிட்ட விலை என்றாலும் அது முதலிலேயே கண்ணுக்குத் தெரியும் விலை. இனி நுழைவு இலவசம். உள்ளே போனபின் காசு. இப்படியானால் மதிப்பீடும் இரண்டாகப் பிரிகிறது. நுழைந்த முதல் பத்து நிமிடத்தின் மதிப்பு ஒன்று. இரண்டாம் மாதத்தின் மதிப்பு வேறொன்று. கடையின் முகப்பில் தெரிவது பெரும்பாலும் முதலாவது.

ஏனெனில் கேள்வி கேட்கும் உரிமை இப்போது விளையாட்டின் கைக்கு வந்துவிட்டது. ஆடுபவர் வென்ற கணத்தில் கேள். தோற்ற கணத்தில் கேட்காதே. இன்னும் சிலர் ஒருபடி மேலே போனார்கள். "உங்களுக்கு இது பிடித்திருக்கிறதா?" என்று முதலில் கேட்பது. ஆம் என்றால் கடைப்பக்கத்துக்கு அனுப்பி நட்சத்திரம் இடச் செய்வது. இல்லை என்றால் மின்னஞ்சல் பெட்டிக்கு அனுப்பிக் குறையை அங்கேயே புதைப்பது. குறை சொல்பவருக்குத் தான் பேசிவிட்ட நிறைவு கிடைக்கும். அவர் பேச்சு வெளியே கேட்காது. நம்மூர் திருமண வீடுகளில் குறைசொல்லும் உறவினரை மட்டும் தனி அறையில் உட்கார்த்தி உபசரிப்பார்கள் அல்லவா, அந்த உத்திதான்.

இந்த நச்சரிப்பு அளவு மீறிய பின், 2017 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 10.3இல் ஆப்பிள் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. கேள்விப் பெட்டியை ஆப்பிளே தரும். ஒரு செயலி அதை ஒருவருக்கு ஆண்டில் மூன்று முறைக்கு மேல் காட்ட முடியாது. எத்தனை முறை என்பதற்கு எல்லை வந்தது. எப்போது என்பது இன்றும் பெரும்பாலும் விளையாட்டை ஆக்கியவரின் விருப்பம்தான்.

காலம் என்பது இன்னொரு வகையிலும் குறுக்கிட்டது. ஆப் ஸ்டோரில் 2017 வரை ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் நட்சத்திரக் கணக்கு புதிதாகத் தொடங்கும். அக்கறையோடு மாதந்தோறும் பிழை திருத்தியவரின் முகப்பு மாதந்தோறும் வெறுமையாகக் காட்சியளித்தது; திருத்தாமல் கிடந்தவரின் பழைய நட்சத்திரங்கள் மின்னிக்கொண்டிருந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் ஐஓஎஸ் 11 வந்தபோது இது மாறியது. கூகுள் பிளேயில் நேர்மாறான சிக்கல்: என்றோ இட்ட நட்சத்திரமும் நேற்று இட்டதும் ஒரே எடை. 2019இல் அண்மைக்கால மதிப்பீடுகளுக்குக் கூடுதல் எடை தரும்படி கூகுள் கணக்கை மாற்றியது.

நட்சத்திரத்தின் மீதான நம்பிக்கை வேறிடங்களிலும் தளர்ந்திருந்தது. யூடியூப் தன் பயனர்கள் பெரும்பாலும் ஐந்து நட்சத்திரமே இடுகிறார்கள், எஞ்சியவர்களில் பலர் ஒன்று இடுகிறார்கள், இடையிலுள்ள மூன்றும் வீண் என்பதை 2009இல் வெளிப்படையாகச் சொல்லி, 2010இல் விருப்பம், விருப்பமின்மை என்ற இரண்டு குறிகளுக்கு மாறியது. நெட்ஃபிளிக்ஸ் 2017இல் அதையே செய்தது. கைபேசிக் கடைகள் மட்டும் ஐந்து நட்சத்திரத்தை விடவில்லை.

2014: மூன்று விளையாட்டுகள்

நட்சத்திரம் எதையெல்லாம் அளக்க முடியாமல் திணறியது என்பதைக் காட்ட 2014ஆம் ஆண்டு ஒன்றே போதும்.

முதலாவது ஃபிளாப்பி பேர்டு. ஹனோயைச் சேர்ந்த டொங் ங்குயென் என்ற இளைஞர் 2013 மே மாதம் வெளியிட்டது. பல மாதங்கள் யாரும் சீண்டவில்லை. 2014 ஜனவரியில் அமெரிக்க இலவசப் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. விளம்பரத்தால் நாளொன்றுக்கு 50,000 டாலர் வருகிறது என்று அவரே ஒரு செய்தியாளரிடம் சொன்னார். அதன் கருத்துப் பகுதி ஒரு தனி இலக்கியமாகவே வளர்ந்தது. இதைப் பதிவிறக்காதீர்கள், என் வாழ்க்கை போயிற்று, தூக்கம் போயிற்று என்று புலம்பிவிட்டு ஐந்து நட்சத்திரம் இட்டவர்கள் உண்டு. வஞ்சப்புகழ்ச்சி நமக்குப் புதிதன்று. கூட்டிக் கழிக்கும் எந்திரத்துக்கு அது புரியவில்லை. பிப்ரவரியில் அவர் தன் விளையாட்டைத் தானே கடையிலிருந்து எடுத்துவிட்டார். மக்கள் அதற்கு அடிமையாவது தன்னை உறுத்துகிறது என்பதே அவர் பின்னர் சொன்ன காரணம். லட்சக்கணக்கானோர் இட்ட நட்சத்திரங்களுக்கு எதிராக, ஆக்கியவரே தன் படைப்புக்கு அளித்த தீர்ப்பு அது.

இரண்டாவது த்ரீஸ். ஆஷர் வோல்மர், கிரெக் வோல்வெண்ட் ஆகிய இருவர் 14 மாதம் உழைத்து 2014 பிப்ரவரியில் வெளியிட்ட எண் விளையாட்டு. நாலுக்கு நாலு கட்டத்தில் எண்களை நகர்த்திச் சேர்க்கவேண்டும். விலை இரண்டு டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. அடுத்த மாதமே, 19 வயது இத்தாலிய இளைஞரான கபிரியேலே சிருல்லி ஒரு வார இறுதியில் 2048 என்ற விளையாட்டை எழுதி இணையத்தில் இலவசமாக வைத்தார். அது த்ரீஸைப் பின்பற்றி எழுந்த இன்னொரு விளையாட்டைப் பின்பற்றியது. நேர்மையானவர், காசாக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் உலகம் 2048ஐத்தான் ஆடியது. பிறகு த்ரீஸைப் பார்த்தவர்கள் சிலர் இது 2048இன் நகல் என்றார்கள். மனம் நொந்த ஆக்கியவர்கள், தாங்கள் 14 மாதம் பரிமாறிக்கொண்ட நூற்றுக்கணக்கான மின்னஞ்சல்களைப் பொதுவில் வெளியிட்டார்கள். எத்தனை வடிவங்களை முயன்று கைவிட்டோம் என்பதற்கான சான்று அது. எது மூலம், எது வழிநூல் என்ற கேள்வி நம் இலக்கண நூல்களுக்கே முக்கியமாக இருந்தது. நட்சத்திரக் கணக்கில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

மூன்றாவது மான்யுமெண்ட் வேலி. லண்டனின் அஸ்டூ நிறுவனம் 2014 ஏப்ரலில் வெளியிட்டது. ஏறும் படியே இறங்கும் படியாகும் எஷரின் ஓவியங்களை நினைவூட்டும் கட்டடங்களினூடே ஒரு சிறுமியை நடத்திச் செல்லவேண்டும். பெரும் பாராட்டுப் பெற்றது. நவம்பரில் எட்டு அத்தியாயங்களைப் புதிதாகச் சேர்த்து அதற்கு இரண்டு டாலர் அளவில் விலை வைத்தார்கள். உடனே ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்தன. ஏற்கெனவே காசு கொடுத்தோமே, இன்னுமா என்பது அவர்கள் கோபம். புதிய அத்தியாயங்கள் எப்படி என்று அவர்கள் சொல்லவில்லை. நிறுவனம் இதைப் பொதுவில் சொல்லி வருந்தியதும் அனுதாபம் கொண்டவர்கள் திரண்டு ஐந்து நட்சத்திரங்களை இட்டார்கள். முதலில் வந்தது விலை கேட்ட கணத்தின் கோபம். பின்னர் வந்தது செய்தி படித்த கணத்தின் இரக்கம். இரண்டுக்கும் நடுவே அந்தச் சிறுமி அதே படிகளில் ஏறிக்கொண்டுதான் இருந்தாள்.

பெயர் போட்டுச் சொன்னவர்கள்

இந்தக் கூட்டக் கணக்குக்கு இணையாக வேறொரு மரபும் இருந்தது. ஆப் ஸ்டோர் பிறந்த 2008இலேயே டச் ஆர்கேட் என்ற இணையதளம் தொடங்கியது. கைபேசி விளையாட்டுகளை ஆடிப் பார்த்து, எழுதியவர் பெயரோடு விமர்சனம் வெளியிட்டது. வாரந்தோறும் வரும் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளிலிருந்து சிலவற்றைப் பொறுக்கி எடுத்துச் சொன்னது. 16 ஆண்டுகளுக்குப் பின், 2024 செப்டம்பரில், நடத்தப் பணமில்லை என்று அதன் ஆசிரியர் அறிவித்து விடைபெற்றார். சிற்றிதழ் வாசகர்களான நமக்கு இந்த அறிவிப்பின் தொனி நன்கு பழக்கமானது.

கடைகளே இந்த இடத்தை நிரப்ப முயன்றன. 2017இல் ஆப்பிள் தன் கடையின் முகப்பில் நாளொரு கட்டுரையாக, ஆசிரியர் குழுவைக் கொண்டு செயலிகளை அறிமுகப்படுத்தத் தொடங்கியது. எழுத்து நன்றாகவே இருக்கும். ஆனால் கடைக்காரர் தன் சரக்கைக் குறைசொல்லி எழுதுவதில்லை. 2022 அக்டோபரில் அந்த முகப்பில் விளம்பரங்களும் வந்தன. சூதாட்டத்திலிருந்து மீள உதவும் செயலிகளின் பக்கத்துக்கு அருகிலேயே சூதாட்ட விளம்பரம் வந்ததென்று எதிர்ப்பு எழுந்தபின் ஆப்பிள் அவ்வகை விளம்பரங்களை நிறுத்திவைத்தது.

இங்கே க.நா.சு.வை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பட்டியல் போடுகிறவர் என்று அவரை ஏளனம் செய்யாதவர் அன்று குறைவு. எந்த அளவுகோலும் சொல்லாமல் நல்ல நாவல் இன்னது, நல்ல சிறுகதை இன்னது என்று பெயர்களை அடுக்குகிறார் என்பது குற்றச்சாட்டு. அது ஓரளவு உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலின் கீழே அவர் பெயர் இருந்தது. அவர் படித்திருந்தார், மறுபடியும் படித்திருந்தார், வசைகளை வாங்கிக்கொண்டார், பட்டியலை மாற்றவும் செய்தார். "படித்திருக்கிறீர்களா?" என்று அவர் நூலுக்கு வைத்த தலைப்பே பரிந்துரையின் இலக்கணம். அது ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக் கேட்பது. 4.6 என்பது யாரும் யாரையும் பார்த்துச் சொல்லாதது.

வேறொரு மதிப்பீடு

நான் அன்று கவனிக்காத இன்னொரு மதிப்பீடும் அந்தப் பக்கத்தில் இருந்தது. விளையாட்டு எந்த வயதினருக்கு என்ற குறி. அமெரிக்காவில் 1994இலும் ஐரோப்பாவில் 2003இலும் இதற்கான அமைப்புகள் தோன்றின. கைபேசிக்கு வரும் விளையாட்டுகளின் எண்ணிக்கை பெருகியபோது ஒவ்வொன்றையும் ஆள்வைத்துப் பார்ப்பது இயலாதாயிற்று. 2013இல் உருவான பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒரு வினாப்பட்டியலைத் தந்தது. ஆக்கியவர் விடைகளை நிரப்பினால் வயதுக்குறி தானாகக் கிடைக்கும். 2015இல் கூகுள் பிளே இதை ஏற்றது. இந்தக் குறி வன்முறையையும் ஆபாசத்தையும் முதன்மையாகப் பார்க்கிறது. ஒரு விளையாட்டில் ரத்தம் இல்லை என்று அது சொல்லும். பையனின் விரல் எத்தனை முறை பணப்பெட்டிக்குப் போகும் என்று வயதெண் சொல்லாது.

அதையும் சொல்லும் ஒரு வரி அங்கே இருந்தது. செயலிக்குள் வாங்கும் வசதி உண்டு என்ற சிறிய எழுத்து. உள்ளே இன்னும் சற்றுக் கீழே இறங்கினால் ஒரு பொருளின் விலை இத்தனை ரூபாயிலிருந்து இத்தனை ரூபாய் வரை என்ற குறிப்பு. மறைக்கப்படவில்லை. என் கண் எண்ணோடு நின்றுவிட்டது.

எப்படிப் பரிந்துரைப்பது

சென்ற பருவத்தில் முதுகலை மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். தாங்கள் ஆடும் கைபேசி விளையாட்டு ஒன்றைப் பற்றி அரைப்பக்கம் எழுதவேண்டும். நட்சத்திரமோ மதிப்பெண்ணோ கூடாது. ஒரு மாதமாவது ஆடியிருக்கவேண்டும். யாருக்குச் சொல்கிறீர்கள் என்று ஒருவரைப் பெயர் சுட்டிச் சொல்லவேண்டும்: தம்பிக்கு, அறைத்தோழிக்கு, இரவுக் காவல் பார்க்கும் சித்தப்பாவுக்கு. சில கேள்விகளுக்கு விடை இருக்கவேண்டும். முதல் வாரத்துக்குப் பின் என்ன செலவாயிற்று? இதற்கு முடிவு உண்டா, முடிவில்லாமல் இழுக்கிறதா? நடுவில் வைத்துவிட்டு எழுந்து போனால் தண்டிக்கிறதா? விளம்பரம் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை? இணையம் இல்லாமல் ஆடலாமா? இது வேறொன்றின் நகல் என்றால் மூலம் எது? கடைசியாக, வென்ற அன்று எழுதாதீர்கள். தோற்ற அன்றும் எழுதாதீர்கள். ஆடாத ஒருநாளில் உட்கார்ந்து எழுதுங்கள்.

பலர் நன்றாக எழுதினார்கள். ஒரு மாணவியின் அரைப்பக்கம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. அவள் எடுத்துக்கொண்டது ஒரு கேரம் விளையாட்டு. விளம்பரம் எரிச்சலூட்டும், சிவப்புக் காய் போகும் கோணம் பொய், அடிக்கடி நின்றுபோகும் என்று வரிசையாகக் குறை எழுதியிருந்தாள். பிறகு, அப்பா ஷார்ஜாவில் இருக்கிறார், வேலை முடிந்து அறைக்கு வந்ததும் இரவு ஒன்பதரைக்கு ஒரு ஆட்டம் ஆடுவோம், ஆடும்போது அவர் அதிகம் பேசமாட்டார், ஆனால் காய் விழுந்தால் சிரிக்கும் குறியை அனுப்புவார் என்று எழுதியிருந்தாள். தூரத்தில் ஒருவர் உள்ளவர்களுக்கு இதைச் சொல்வேன், மற்றவர்கள் வீட்டிலுள்ள பலகையை இறக்கி ஆடுங்கள் என்று முடித்திருந்தாள். கடையில் எத்தனை நட்சத்திரம் இட்டாய் என்று கேட்டேன். "ரெண்டு போட்டேன் சார். அன்னைக்கு நடு ஆட்டத்துல நின்னுபோச்சு" என்றாள்.

அந்த இரண்டு நட்சத்திரம் கடையின் கணக்கில் இருக்கிறது. அரைப்பக்கம் என்னிடம் இருக்கிறது. இரண்டில் எது அந்த விளையாட்டைப் பற்றிய உண்மைக்கு நெருக்கமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கடந்த கோடையில் தங்கை வீட்டுக்குப் போகுமுன் மினி மெட்ரோ என்ற விளையாட்டை ஒரு மாதம் ஆடிப் பார்த்தேன். நியூசிலாந்தில் உருவாகி 2016இல் கைபேசிக்கு வந்தது. பெருகிக்கொண்டேயிருக்கும் ஊருக்கு ரயில் பாதை போடவேண்டும். ஒருமுறை விலை கொடுத்தால் போதும்; அதன்பின் காசு கேட்பதில்லை. எத்தனை நன்றாகப் போட்டாலும் கடைசியில் ஏதோ ஒரு நிலையத்தில் கூட்டம் நெரிந்து ஆட்டம் முடிந்துவிடும். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கீழே என் பெயரையும் எழுதி, தங்கையிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தாள். விலையை நானே கட்டினேன்.

மருமகன் மூன்று நாள் ஆடினான். நான்காம் நாள் வந்து, "மாமா, இது பரவால்ல, ஆனா சீக்கிரம் போரடிக்குது. நீங்க எழுதுனதுல அது இல்லையே" என்றான். தாளை வாங்கி அந்த வரியையும் சேர்த்தேன்.